ராத்திரி யார் விழித்திருப்பது? கடும் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுவனின் தாயோடு 14 மாதங்கள்

இந்தக் குடும்பத்தின் பெயர், ஊர், அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்கள் எதையும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் அந்தத் தாயின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அது கடைசியில் இருக்கிறது.

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், குறைபாட்டோடு பிறந்த சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு சிறப்பாசிரியர்கள், வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகும் பேச்சுப் பயிற்சியாளர், அப்புறம் நான். மனநல ஆலோசகர் என்று யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதெல்லாம் ஆலோசகர் இல்லாத ஒரு சின்ன மையத்தில் நடந்தது.

சிறுவன் 2023 ஜூலையில் எங்களிடம் வந்தான். அப்போது 2 வயது 10 மாதம். பிறந்தவுடன் அழவில்லை, 12 நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்திருக்கிறான். இரண்டு கை, இரண்டு கால், நான்கிலும் இறுக்கம். கழுத்து நிற்கவில்லை. வலிப்புக்கு மருந்து போய்க்கொண்டிருந்தது. மூளை முடக்குவாதத்தில் உடல் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். இவன் ஐந்தாவது, அதாவது எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டிய நிலை.

தாய்க்கு 27 வயது. பத்தாவது வரை படித்தவர், வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர், இரண்டு மாதத்துக்கு ஒருதடவை வருவார். வீட்டில் மாமியாரும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகளும். பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தது, 80 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். ஆனால் பராமரிப்பு உதவித்தொகைக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதல் மூன்று மாதம்

வாரத்துக்கு இரண்டு நாள் அவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பயிற்சி முடியும். "வீட்டுல செஞ்சீங்களாம்மா?" என்று கேட்போம். "செஞ்சேன் மேடம்" என்பார். அடுத்த வாரத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு பயிற்சி சேர்த்துத் தாளில் எழுதிக் கொடுப்போம். செப்டம்பர் கடைசியில் அந்தத் தாளில் 11 பயிற்சிகள் இருந்தன.

பிள்ளையைப் பற்றி வாரா வாரம் கேட்டோம். சாப்பிட்டானா, மலம் போனதா, வலிப்பு வந்ததா, கால் மடங்குகிறதா. எங்கள் பதிவேட்டில் பிள்ளைக்கு 14 கட்டங்கள். தாய்க்கு இருந்த ஒரே கட்டம் "பெற்றோர் ஒத்துழைப்பு: நன்று / சுமார் / குறைவு". செப்டம்பரில் அவர் வருவது குறைந்தது. அந்தக் கட்டத்தில் "குறைவு" என்று எழுதினோம். குறிப்புப் பகுதியில் "தாய் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை" என்று ஒரு வரி. அதை எழுதியது நான்தான்.

அந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் அதிர்ச்சி, பிறகு மறுப்பு, கோபம், கடைசியில் ஏற்றுக்கொள்ளுதல் என்று படிக்கட்டு மாதிரி ஒன்றைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேல்படிக்கு ஏறாதவர்களை "ஏற்றுக்கொள்ளாதவர்" என்று எழுதிப் பழகிவிட்டோம். 1962லேயே சைமன் ஓல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர் இப்படிப்பட்ட பெற்றோரின் துயரத்தைத் தீராத துயரம் என்று எழுதியிருக்கிறார். அது ஒரு நோய் இல்லை, இயல்பான ஒன்று, வாழ்நாள் முழுக்கக் கூடியும் குறைந்தும் திரும்பத் திரும்ப வரும் என்பது அவர் வாதம். நான் அதைப் படித்தது இந்தக் குடும்பத்துக்கு அப்புறம்தான். முன்னாலேயே படித்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்டோபர்: வீட்டுக்குப் போன நாள்

மூன்று வாரம் தொடர்ந்து வராததால் வீட்டுக்குப் போனேன். காலை 11 மணி இருக்கும். வாசல் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே உத்தரத்தில் சேலைத் தொட்டில், மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பத்தாமல் இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுநுனி அவருடைய கால் பெருவிரலில் சுற்றியிருந்தது. கை பீடி சுற்ற, கால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் கொடுத்த பயிற்சித் தாள் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒழுங்காகத் தொங்கியது.

தாளைப் பற்றி ஏதாவது கேட்டிருந்தால் "செஞ்சேன் மேடம்" என்றுதான் பதில் வந்திருக்கும். ஏனோ அன்றைக்கு, "ராத்திரி தூங்குறானா?" என்று கேட்டேன்.

"அவன் எங்க தூங்குதான்."

"அப்போ நீங்க?"

பதில் இல்லை. 25 பீடி எண்ணிக் கட்டு போட்டுக்கொண்டிருந்தவருக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. கலைத்து மறுபடி எண்ணத் தொடங்கினார். மறுபடியும் விட்டுப்போனது. அப்புறம் சுளகைக் கீழே வைத்துவிட்டார்.

முந்தின மாதம் வீட்டு விசேஷத்தில் கொழுந்தனார் குழந்தை, ஒரு வயதுதான், எழுந்து நான்கு எட்டு நடந்திருக்கிறது. "எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். அப்புறம் தண்ணி எடுக்கப் போற மாதிரி பின்னால போயிட்டேன்." அன்றிலிருந்து மையத்துக்குக் கிளம்பவே முடியவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் மேல வெறுப்பெல்லாம் இல்ல மேடம். ஆனா சில ராத்திரி, நானும் அவனும் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்னு தோணுது."

அன்றைக்கு எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, நேராகக் கேட்பது. "உயிரை விட்டுரணும்னு நெனச்சிருக்கீங்களா? பிள்ளையையும் சேர்த்து நெனச்சிருக்கீங்களா?" என்று அந்த வார்த்தைகளிலேயே கேட்டேன். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அப்படி விதைக்காது, பெரும்பாலும் மனசில் இருப்பதை இறக்கி வைக்கத்தான் வழிவிடும் என்பது மனநலத் துறையில் உறுதியான விஷயம். அவர் அழுதார். நினைப்பு வருகிறது, நாலு நாள் முன்னால்கூட வந்தது, எப்படி என்று எதுவும் யோசித்து வைக்கவில்லை, மூத்தவளை நினைத்தால் நின்றுவிடுகிறது என்றார்.

இரண்டாவது, அவரைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பக்கூடாது. யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டேன். மாமியாரிடம் சொல்லலாம், ஆனால் நீங்கள் சொல்லுங்கள் என்றார். தோட்டத்திலிருந்து மாமியார் வரும்வரை காத்திருந்து, "இவங்களுக்குத் தூக்கமில்லாம உடம்பும் மனசும் ரொம்ப முடியாமப் போச்சு. இன்னைக்கு ராத்திரி நீங்க பக்கத்துலயே படுங்க. நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்" என்று சொன்னேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐத் தாயின் கைபேசியில் பதிந்து கொடுத்தேன். இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது, எழுதுவதில் கவனம். அவர் சொன்னதை எல்லாரும் புரட்டும் பதிவேட்டில் எழுதவில்லை. மையப் பொறுப்பாளரிடம் மட்டும் சொன்னேன், சொல்லப்போகிறேன் என்று தாயிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு.

மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நான்கு பேருமாகப் போனோம். அங்கே ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். 27க்கு 17 வந்தது, ஓரளவு கடுமையான மனச்சோர்வு. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, பலன் தெரிய சில வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடாதீர்கள் என்றார்.

அந்த மருத்துவர் இன்னொன்றும் செய்தார், அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். "பிள்ளை ஏன் தூங்கல?" என்று கேட்டார். நாங்கள் யாருமே அந்தக் கேள்வியை அதுவரை கேட்டதில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். அன்றைக்கே குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார். பிள்ளைக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, சாப்பிட்டது எதுக்களித்து மேலே வருகிறது, வலிப்பு மருந்தின் அளவு பழைய எடைக்கே இருக்கிறது என்று மூன்றும் தெரியவந்தன. மூன்றுக்கும் வழி இருந்தது. மலமிளக்கும் மருந்து, சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைப்பது, வலிப்பு மருந்தின் அளவை மாற்றுவது. பத்து நாளில் ராத்திரி நான்கு தடவை எழுந்தவன் இரண்டு தடவைதான் எழுந்தான்.

குழந்தைகள் மருத்துவரின் அறையில் நடந்த இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். மாமியார் திடீரென்று, "வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனா, சொன்னா கேக்கல" என்றார். தாய் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வருடமாக அந்த வீட்டில் இந்தப் பேச்சு இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. மருத்துவர் கோபப்படவில்லை. பிரசவத்தின்போது குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு போதாமல் போனதைத் தாளில் தலையின் படம் வரைந்து மாமியாருக்கே விளக்கினார். "கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பாட்டி. உங்க மருமக செஞ்ச எதனாலயும் இது வரல" என்றார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். குற்ற உணர்ச்சி வேண்டாம் என்று நான் அந்தத் தாயிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருந்தாலும், குற்றம் சொன்னவர் காதில் விழும்படி மருத்துவர் சொன்ன அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாகியிருக்காது. மாமியார் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படு" என்றார்.

ஒரு நாள் கணக்கு

அடுத்த வாரம் பயிற்சித் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் அவருடைய ஒரு நாளை இருவரும் சேர்ந்து எழுதினோம். பிள்ளைக்கு ஊட்டுவது நாலு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம், ஆக 4 மணி. நாங்கள் சொன்ன 11 பயிற்சிகள் 2½ மணி. பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி மாற்ற 1½. பீடி 7. சமையல், தண்ணீர், துவைப்பது எல்லாம் 4. மூத்தவளுக்கு 1. கூட்டினால் 20 மணி நேரம். மிச்சம் இருந்த நாலு மணி நேரத்தில்தான் பிள்ளை நாலு தடவை எழுந்துகொண்டிருந்தான்.

அந்தத் தாளை மையக் கூட்டத்தில் மேஜை மேல் வைத்தேன். பிசியோதெரபிஸ்ட் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து முன்பக்கத்தில் எட்டுப் பயிற்சிகளை அடித்தார். மிச்சம் மூன்று. அவையும் தனி நேரம் கேட்காதவை: துணி மாற்றும்போது இடுப்பையும் தொடையையும் எப்படிப் பிடிப்பது, எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது, ஊட்டும்போது மூலை நாற்காலியில் (முதுகையும் இரண்டு பக்கத்தையும் தாங்கிப்பிடிக்கும் நாற்காலி) எப்படி உட்கார வைப்பது. பயிற்சியைக் குறைத்தால் பிள்ளை பின்தங்கிவிடுவானே என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. செய்ய முடியாத பதினொன்றைவிடச் செய்யக்கூடிய மூன்று மேல் என்பது ஒரு காரணம். செய்யாத பயிற்சிகளின் தாள் சுவரில் தொங்குவது தினமும் அவரைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது என்பது இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

பேச்சுப் பயிற்சியாளர் ஒருநாள் வீட்டுக்கே வந்து ஊட்டுவதைப் பார்த்தார். ஒரு வேளைச் சாப்பாடு ஊட்ட அரைமணிக்கு மேல் போனால் பிள்ளைக்கும் களைப்பு, ஊட்டுபவருக்கும் களைப்பு. கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக்கி, தாடையைக் கையால் தாங்கி, தலை பின்னால் சாயாமல் ஊட்டச் சொல்லிக்கொடுத்தார். இதை மாமியாரும் கற்றுக்கொண்டார்.

பராமரிப்பு உதவித்தொகைக்கு நவம்பரில் விண்ணப்பித்தோம். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் அது. பிப்ரவரியில் வரத் தொடங்கியது. அதே சமயம் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் பதிந்தோம், ஆண்டுக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்கானது. மனசுக்கான உதவியில் பணத்தைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், 2,000 ரூபாய் வரத் தொடங்கிய மாதம் அவர் பீடியை நாளுக்கு 700லிருந்து 450 ஆகக் குறைத்தார். அந்த நேரம் தூக்கமாக மாறியது.

ராத்திரியைப் பிரித்தது

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் செய்வது ரொம்ப எளிதாக இருந்தது. மாமியார் எப்போதுமே விடியற்காலம் மூன்றரைக்கு எழுந்துவிடுகிறவர். "எந்திரிச்சு சும்மாதான் உக்காந்திருப்பேன்" என்று அவரே சொன்னார். சரி, மூன்றரையிலிருந்து ஏழு வரை பிள்ளை பாட்டியின் பொறுப்பு என்று வைத்துக்கொண்டோம். அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மருமகளும் கேட்கவில்லை, பிள்ளை தன் பாவம், தன் பாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையை ஓரிரு நாள் பார்த்துக்கொள்ள வேறு இடம் இருக்கிறதா என்றும் தேடினோம். பராமரிப்பவருக்கு இளைப்பாறுதல் தருவது பற்றி மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு பேசுகிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது. எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. ஒரு பாட்டி இல்லாத வீட்டில் நாங்கள் என்ன செய்திருப்போம் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது.

டிசம்பர்: எங்கள் தவறு

ஆறு வாரத்தில் முகம் தெளிந்திருந்தது. வினாத்தாளில் 11. மையத்துக்கு ஒழுங்காக வரத் தொடங்கினார். அந்தச் சந்தோஷத்தில், மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். பெற்றோர் மனசு இன்னொரு பெற்றோருக்குத்தான் புரியும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், நானும் நம்புகிறேன். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜனும் கடும் குறைபாடு உள்ள பிள்ளையின் தாய்தான்.

கூட்டத்தில் 20 பேருக்கு மேல் இருந்தார்கள். அன்றைக்குப் பேச்சு பெரிய பிள்ளைகளைப் பற்றிப் போனது. 19 வயது மகனைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு போய்விட்ட ஒரு தாய் பேசினார். 18 வயதுக்குமேல் சட்டப்படி பாதுகாவலர் யார் என்பதைப் பற்றி ஒரு தந்தை கேட்டார். "நமக்குப் பிறகு யாரு?" என்று ஒருவர் சொன்னதும் அறையே அமைதியானது. மற்றவர்களுக்கு அது அவசியமான பேச்சு, பல வருடமாக மனசில் வைத்திருந்ததைச் சொல்ல ஓர் இடம். மூன்று வயதுப் பிள்ளையோடு, ராத்திரித் தூக்கம் இப்போதுதான் திரும்பிய ஒரு தாய்க்கு, அடுத்த பதினாறு வருடத்தை ஒரே மதியத்தில் காட்டிவிட்டோம். கூட்டம் முடியுமுன்பே எழுந்து போனார். அடுத்த மூன்று வாரம் வரவில்லை.

இந்தத் தடவை பதிவேட்டில் "ஒத்துழைப்பு குறைவு" என்று எழுதவில்லை. இரண்டாம் நாளே போன் செய்தேன், நான்காம் நாள் நேரில் போனேன். "தப்பு என்னுதும்மா. அந்தக் கூட்டத்துக்கு உங்களை இப்பவே கூப்பிட்டிருக்கக் கூடாது" என்றேன். "அந்த அக்கா மேல கோவமில்ல மேடம். என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

சுளகும் நாற்காலியும்

ஜனவரியில் வேறு விதமாக முயன்றோம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில், ஆறு வயது மகனை வளர்க்கும் இன்னொரு தாய் இருந்தார். அந்தப் பிள்ளைக்கும் இதே நிலை. அவரும் பீடி சுற்றுகிறவர். இதே வழியில் இவருக்கு மூன்று வருடம் முன்னே நடந்து போனவர், முப்பது வருடம் இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். அவர் நல்ல நிலையில் இருக்கிறாரா, இன்னொருவர் பாரத்தைக் கேட்கத் தெம்பு உண்டா என்றும் முதலில் அவரிடம் பேசினேன். உயிர் சம்பந்தமாக ஏதாவது பேச்சு வந்தால் அவராகச் சமாளிக்க வேண்டாம், உடனே என்னைக் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

வியாழக்கிழமைதோறும் மகனைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார், பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் செலவும் இல்லை. சுளகையும் கையோடு கொண்டுவருவார். ஒரே ஒரு தடவைதான் நான் அங்கே இருந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். புகையிலைத் தூள் பிள்ளைகள் மேல் படக்கூடாது என்பதால் இரண்டு நாற்காலிகளும் காற்று வரும் பக்கம், தள்ளி வேப்பமரத்தடியில். பஸ்ஸில் யாராவது "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவன் பேரைச் சொல்லுவேன். என் மகன், பேரு இன்னதுன்னு. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க" என்றார் மூத்தவர். இளையவர் சிரித்தார். எங்கள் மையத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் வியாழக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

மூத்த மகள் பற்றிய பேச்சும் அங்கேதான் வந்திருக்கிறது. "தம்பிக்குச் சரியாயிட்டா அம்மா என்கூட ஸ்கூலுக்கு வருவாங்க" என்று அவள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் பீடியைக் கடையில் கொடுக்கப் போகும் அந்த அரைமணி நேரம், தாயும் மகளும் மட்டும் நடந்து போவது என்று ஆயிற்று. இது எங்கள் யோசனை இல்லை.

அப்பா

தந்தையை நாங்கள் ஆறு மாதமாகப் பணம் அனுப்புகிறவராக மட்டுமே பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "பையன் எப்படி இருக்கான்னு ஏன் கேக்க மாட்டேங்கிறீங்கன்னு அவங்க வருத்தப்படுறாங்க" என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "கேட்டா அவ அழுவா மேடம். அழுதா எனக்கு இங்க மெஷின்ல உக்கார முடியாது" என்றார். அவருடைய ராத்திரிகளைப் பற்றியும் அன்றைக்குக் கேட்டேன். தூங்கி எழுந்தால் இரண்டாவது ஷிப்டும் கேட்டு வாங்கிச் செய்வதாகச் சொன்னார், அறையில் சும்மா இருக்க முடியவில்லை என்று.

பொங்கலுக்கு வந்தபோது பிசியோதெரபிஸ்ட் அவருக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார். பிள்ளையை எப்படித் தூக்குவது, இறுக்கம் வந்தால் முட்டியை எப்படி மடக்கித் தளர்த்துவது. அவர் இருந்த ஐந்து ராத்திரியும் பிள்ளை அவரோடு. இரண்டாம் ராத்திரி தாய் எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்கிறார். விழித்ததும் பயந்துபோய் ஓடிவந்து பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

மார்ச்: மறுபடியும்

பிள்ளைக்கு நிமோனியா. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். வினாத்தாளில் எண் 14க்கு ஏறியது. பழைய நினைப்பும் வந்தது. ஆனால் இந்தத் தடவை அவரே கூப்பிட்டார், ராத்திரி 9.40க்கு, வார்டு வராந்தாவிலிருந்து. "அக்கா, அந்த நெனப்பு வருது" என்றார். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர். இருபது நிமிஷம் பேசினோம், அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு வார்டு செவிலியரிடமும் பேசினேன். மறுநாள் மனநல மருத்துவர் அங்கேயே வந்து பார்த்தார். அடுத்த ஊர்க்காரர் இரண்டு நாள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது

2024 செப்டம்பரில் இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு உடல் இயக்கத்தில் பெரிய மாற்றம் இல்லை. மூலை நாற்காலியில் கழுத்தைச் சில விநாடி நிமிர்த்துகிறான். ஒரு வேளைச் சாப்பாடு ஊட்ட 35 நிமிஷம் ஆகிறது. எடை 8.9 கிலோவிலிருந்து 10.4. அங்கன்வாடியில் பெயர் பதிந்திருக்கிறது, வாரம் இரண்டு நாள் போகிறான். இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று பார்க்க நவம்பரில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அன்றைக்கு லீவு போட்டு வருவதாகத் தந்தை சொல்லியிருக்கிறார்.

தாயின் எண் ஆகஸ்டில் 6. மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை, அதை மருத்துவர்தான் முடிவு செய்வார். பெற்றோர் கூட்டத்துக்கு இதுவரை வரவில்லை. நாங்களும் கேட்பதில்லை.

மறுபடி செய்தால்

சேர்க்கையின் முதல் நாளே ராத்திரியைப் பற்றிக் கேட்போம். பிள்ளை எத்தனை தடவை எழுகிறான், எழுந்தால் யார் பார்க்கிறார்கள், இந்த இரண்டும் இப்போது எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. பதில் "நான்தான்" என்று மட்டும் வந்தால் அன்றைக்கே மேற்கொண்டு பேச வேண்டும். "பெற்றோர் ஒத்துழைப்பு" என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வீட்டுப்பயிற்சிக்கு எத்தனை நிமிஷம் கேட்கிறோம் என்று நாங்கள் எழுத வேண்டும், 30 நிமிஷத்தைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிட்டுத்தான் புதிதைச் சேர்க்கலாம்.

தந்தைக்கு முதல் மாதமே போன் செய்திருக்க வேண்டும். ஆறு மாதம் விட்டதற்கு வேறு காரணம் இல்லை, வழக்கம் இல்லை, அவ்வளவுதான். புதிதாக வரும் தாயைப் பெரிய கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, பிள்ளை வயதில் இரண்டு மூன்று வருடம் மூத்த ஒருவரைத்தான் அறிமுகம் செய்கிறோம்.

இன்னொன்று எங்களைப் பற்றியது. அக்டோபரில் அந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த ராத்திரி நானும் தூங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இப்போது இப்படி ஒரு வீட்டுக்குப் போய் வந்தவர் அன்றே இன்னொருவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

அவர் சேர்க்கச் சொன்னது இது. "நான் மாத்திர சாப்பிடுறேன்னு எழுதுங்க அக்கா. பைத்தியத்துக்குக் குடுக்குறதுன்னு நெனச்சு மொத ரெண்டு வாரம் முழுங்கவே இல்ல. அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். அத்தைதான் கண்டுபிடிச்சு, தண்ணி கொண்டுவந்து, முன்னால நின்னு முழுங்க வச்சாங்க. அதையும் எழுதுங்க."